அசதிக்கும் ஒரு வகுப்பு: வீட்டுக் கம்ப்யூட்டர் செய்யக்கூடிய நல்ல காரியம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லா வீடுகளிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். பெரியவர்கள் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனையும் மகளையும் வெப்கேமரா வழியாகப் பார்த்துப் பேசுவார்கள். கரண்ட் பில் கட்டுவார்கள், ரயில் டிக்கெட் எடுப்பார்கள். இரண்டு மூன்று மாதம் போனதும், "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் வேறு என்ன பயன்?" என்ற கேள்வி வரும்.

இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. பலரும் யோசிக்காத ஒரு பதிலை இங்கே சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லூபஸ் என்ற நோய் உள்ளவர் யாராவது இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் கம்ப்யூட்டரை அவருக்குக் கொடுங்கள். அதே நோய் உள்ள இன்னும் எட்டுப் பத்துப் பேருடன் சேர்ந்து, அசதியைச் சமாளிப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொள்ள அது உதவும். நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு வசதி. மணப்பாடு போன்ற கடற்கரை ஊரில் இருப்பவருக்கோ இதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

லூபஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் கம்ப்யூட்டரில் ஆன்டி வைரஸ் புரோகிராம் இருக்கும். வெளியிலிருந்து வரும் வைரஸைப் பிடித்து அழிப்பது அதன் வேலை. அந்தப் புரோகிராமே குழம்பிப்போய், விண்டோஸின் சொந்த ஃபைல்களை வைரஸ் என்று நினைத்து அழிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? சிஸ்டம் இயங்கும், ஆனால் தடுமாறும். இன்று ஒரு இடத்தில் பிரச்சினை, நாளை வேறு இடத்தில் பிரச்சினை.

லூபஸில் நடப்பதும் இதுதான். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் பாதுகாப்பு அமைப்பு, நம் உடலையே தாக்குகிறது. மூட்டு வலி, காய்ச்சல், முடி கொட்டுதல், இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி விரித்த சிறகு போலச் சிவப்புத் தடிப்பு என்று பல விதமாக வெளிப்படும். சிலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் இளம் வயதுக்காரர்கள். படிக்கும் வயது, குழந்தை வளர்க்கும் வயது. வெயில் பட்டால் நோய் கிளம்பும். காலையிலேயே மணல் சுடத் தொடங்கும் கடற்கரையில், மீன் வாங்கவும் விற்கவும் காயவைக்கவும் வெளியே நிற்க வேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நோயை அடியோடு நீக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அவற்றில் முக்கியமானது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து வந்தால் பலர் நல்லபடியாகவே வாழ்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் பலரை விடுவதில்லை. அதுதான் அசதி.

அசதியா, சோம்பலா?

லூபஸ் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரை இந்த அசதியைச் சொல்கிறார்கள். நாள் முழுதும் உழைத்தபின் நமக்கு வருகிற களைப்பு இல்லை இது. நம்முடைய களைப்பு ஒரு இரவு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் போகாது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நன்றாக இருக்கும் நாட்களிலும் இருக்கும். தலை சீவக் கையைத் தூக்கினால் கை ஓய்ந்துபோகும். ஒரு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கும்.

இதில் பெரிய கொடுமை, இது வெளியே தெரியாது. கை உடைந்தால் கட்டுப் போட்டிருப்பார்கள், எல்லோரும் பார்த்து "ஐயோ பாவம்" என்பார்கள். அசதிக்கு என்ன கட்டுப் போடுவது? "ஆள் நல்லாத்தானே இருக்கா? வேலைன்னா மட்டும் படுத்துக்கிறா" என்ற பேச்சுதான் மிஞ்சும். பல வீடுகளில் மாமியார் மருமகள் சண்டைக்கும், பள்ளியில் "படிக்க மனமில்லை" என்ற கெட்ட பெயருக்கும், வேலையை விட்டு நிற்பதற்கும் இதுவே காரணமாகிறது.

அமெரிக்காவில் கிறிஸ்டின் மிசெராண்டினோ என்ற பெண் லூபஸ் நோயாளி. 2003ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை உலகம் முழுவதும் பரவியது. தோழிக்குத் தன் நிலையைப் புரியவைக்க, உணவகத்தில் கைக்கு எட்டிய ஸ்பூன்களை எல்லாம் எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒவ்வொரு ஸ்பூனும் ஒரு பங்கு தெம்பு. குளித்தால் ஒன்று போயிற்று. உடுத்தினால் ஒன்று போயிற்று. சமைத்தால் ஒன்று. ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஸ்பூன்களுக்குக் கணக்கில்லை. நோயாளிக்கு எண்ணிக் கொடுத்த ஸ்பூன்கள்தான். இன்று அதிகமாகச் செலவழித்தால் நாளைக்கு இருக்காது. இந்த ஒரு கணக்கு வீட்டாருக்குப் புரிந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஸ்பூன் தேவையில்லை, வேறு உதாரணமே இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அந்த நாளில் குளியாட்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போவார்கள். மூச்சு முழுவதும் தீர்ந்த பிறகு மேலே வருவோம் என்று எந்தக் குளியாளியும் இருந்ததில்லை. மூச்சு மிச்சம் இருக்கும்போதே கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். தெம்பு தீர்ந்தபின் ஓய்வு எடுப்பதற்கும், தெம்பு இருக்கும்போதே ஓய்வு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அசதியைச் சமாளிக்கும் வகுப்புகளில் சொல்லித்தருவதில் முதல் பாடமும் இதுவே.

வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள்?

"அசதிக்கு என்ன வகுப்பு? படுத்தால் போகிறது" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் படுப்பது மட்டும் போதாது என்பதுதான் அனுபவம். அசதி உள்ளவர்கள் பலர் ஒரு சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள். உடம்பு கொஞ்சம் தேறிய நாளில் ஒரு வார வேலையைச் சேர்த்துச் செய்வது, மறுநாளிலிருந்து மூன்று நாள் படுக்கையில் கிடப்பது, தேறியதும் மறுபடி அதே கதை. இதை உடைப்பதற்குத்தான் பயிற்சி. பொதுவாக இந்த வகுப்புகளில் இருக்கும் பாடங்கள் இவை:

1. அசதியைக் குறித்துவைத்தல். எந்த நேரத்தில் அதிகம், எந்த வேலைக்குப் பிறகு அதிகம் என்று தெரிந்துகொள்ளுதல்.

2. வேலைகளைப் பிரித்தல். இன்றே செய்ய வேண்டியது, நாளை செய்யலாம், வேறொருவர் செய்யலாம், செய்யாமலே விடலாம் என்று நான்காகப் பிரிப்பது.

3. வேலையைத் துண்டு துண்டாகச் செய்து, இடையில் ஓய்வு எடுப்பது. நின்று செய்வதை உட்கார்ந்து செய்வது. உதாரணமாக மீன் கழுவ, காய் நறுக்க ஒரு ஸ்டூல்.

4. தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது.

5. மெதுவாகத் தொடங்கி அளவோடு உடற்பயிற்சி செய்வது. அசதி என்று அசையாமலே இருந்தால் தசைகள் இளைத்து அசதி இன்னும் கூடும்.

6. வீட்டாரிடமும் வேலை செய்யும் இடத்திலும் கோபமோ அழுகையோ இல்லாமல் உதவி கேட்பது எப்படி என்பது.

ஒரு உதாரணம் பாருங்கள். மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. வீடு நிறைய உறவினர்கள் வந்து இறங்குவார்கள். லூபஸ் உள்ள பெண் திருவிழா நாளில் சமையலையும் கவனித்து, கோவிலுக்கும் நடந்து, விருந்தாளிகளுக்கு முகம் சுளிக்காமலும் இருந்துவிட்டு அடுத்த பத்து நாள் படுப்பதா? அல்லது ஒரு வாரம் முன்பே வேலைகளைப் பங்கு போட்டு, வெயில் தாழ்ந்த நேரத்துப் பூசைக்குப் போய், மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திப் படுத்து எழுந்து, மறுநாளும் நடமாடுவதா? இரண்டாவதைச் செய்யக் கொஞ்சம் பயிற்சியும் நிறையத் தைரியமும் வேண்டும். தைரியம் தனியாக வராது. "நானும் இப்படித்தான் செய்தேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை" என்று இன்னொரு நோயாளி சொன்னால் வரும். அதற்குத்தான் குழு.

குழுவை எங்கே தேடுவது?

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. சர்க்கரை நோயாளிகள் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும் என்றால் மணப்பாட்டில் ஒரே தெருவில் சேர்த்துவிடலாம். லூபஸ் அப்படி இல்லை. டாக்டர் மாளவியா குழுவினர் வட இந்தியாவில் எடுத்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குப்படி, லட்சம் பேருக்கு மூன்று பேர் அளவில்தான் இந்த நோய் இருந்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள் தொகை பதினேழரை லட்சம். அதே விகிதத்தைப் போட்டால் மாவட்டம் முழுவதிலும் ஐம்பத்தைந்து பேர் அளவில் வரும். இது தோராயமான கணக்குதான், கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? மணப்பாட்டில் ஒருவர் இருந்தால் கோவில்பட்டியில் ஒருவர், விளாத்திகுளத்தில் ஒருவர், சாத்தான்குளத்தில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள்.

இவர்களை ஆறு வாரம், வாரம் ஒரு நாள் தூத்துக்குடிக்கு வாருங்கள் என்று அழைத்தால் என்ன ஆகும்? மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர். திருச்செந்தூர் போய் பஸ் மாறி, வெயிலில் நின்று, போய் வருவதற்கே நாள் முழுதும் ஆகும். அசதியைக் குறைக்கும் வகுப்புக்குப் போய்வந்து மூன்று நாள் அசதியில் கிடப்பது என்ன நியாயம்? வெயில் படக்கூடாத நோயாளியை வெயிலில் இழுத்தடிப்பது என்ன வைத்தியம்?

ஆன்லைன் வகுப்பு என்றால் நேரில் கிடைப்பதற்குக் கொஞ்சம் குறைந்த மாற்று ஏற்பாடு என்றுதான் நாம் நினைக்கிறோம். பல விஷயங்களில் அது சரி. அரிதான நோய்களுக்கு அது சரியில்லை. இவர்களுக்கு நேரில் ஒரு குழு அமையவே அமையாது. கம்ப்யூட்டரில் அமைந்தால்தான் உண்டு.

மற்ற நாடுகளில் செய்து பார்த்தவை

இது வெறும் ஆசை இல்லை, செய்து பார்த்திருக்கிறார்கள். அயர்லாந்தில் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள், லூபஸ் உள்ளவர்களுக்கென்றே அசதியைச் சமாளிக்கும் ஆறு வாரக் குழுப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயர் ஃபேம். அது பற்றிய ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் அதையே ஆன்லைனிலும் நடத்திப் பார்த்தார்கள்.

அதற்கும் முன்பே, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் குழுவினர், நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இன்டர்நெட் வழியாக ஆறு வார வகுப்பு நடத்தினார்கள். இதயம், நுரையீரல், சர்க்கரை நோயாளிகள் 958 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வகுப்பில் சேர்ந்தவர்களின் உடல்நிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அதில் வீடியோ கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியதும் இல்லை. அவரவர் தெம்பு உள்ள நேரத்தில் வந்து, பாடத்தைப் படித்து, இந்த வாரம் தான் செய்யப்போவது என்ன என்று எழுதிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு குழுவையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற இரண்டு சாதாரண மனிதர்கள்தான், டாக்டர்கள் இல்லை. அந்தக் காலத்து மெதுவான இணைப்பிலேயே இது முடிந்தது என்றால் இன்றைய இணைப்பில் முடியாதா?

இன்டர்நெட்டே இல்லாமலும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் லூபஸ், முடக்குவாதம் முதலிய நோய்கள் உள்ள 367 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் டெலிபோன் மூலமே ஒரு சாராருக்கு உடற்பயிற்சி ஆலோசனையும், இன்னொரு சாராருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டிலுமே, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அசதி குறைந்தது. பிரிட்டனிலேயே ராஃப்ட் என்ற இன்னொரு ஆய்வு, முடக்குவாத நோயாளிகளுக்கு நேரில் நடத்திய குழுப் பயிற்சி பற்றியது. அங்கே வகுப்பை நடத்தியவர்கள் மனநல நிபுணர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட நர்சுகளும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும்.

அளவுக்கு மீறி நம்பிக்கை ஊட்டவும் கூடாது. இந்த வகுப்புகளால் அசதி மாயமாக மறைந்துவிடாது. குறையும், அல்லது இருக்கிற அசதியோடு வாழ்க்கையை நடத்தத் தெம்பு கூடும். அவ்வளவுதான். ஆனால் ஒரு தாய்க்கு மாலை நேரத்தில் பிள்ளையின் பாடத்தைப் பார்க்கத் தெம்பு மிச்சம் இருப்பது சின்ன விஷயமா? ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான யூலார், 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில், அசதிக்கு உடற்பயிற்சியையும் இதுபோன்ற பயிற்சி வகுப்புகளையும் நோயாளிகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

சிலர் கேட்கும் கேள்விகள்

"கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதே அசதிதானே?" நியாயமான கேள்வி. அதனால்தான் வகுப்பு குறுகியதாக இருக்க வேண்டும் என்கிறேன். இலவச ஜூமில் 40 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும்; எல்லோரும் அதைக் குறை சொல்கிறார்கள். அசதி உள்ளவர்களுக்கு அது சரியான அளவு! நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. படுத்துக்கொண்டே கேட்கலாம். கேமராவை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். அன்று முடியவில்லை என்றால் மறுநாள் ஆடியோ பதிவைக் கேட்கலாம். ஆனால் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

"இன்டர்நெட்டில் கண்டதையும் சொல்லி ஏமாற்றுவார்களே?" ஏமாற்றுவார்கள். லூபஸை முற்றிலும் குணமாக்குகிறோம் என்று பவுடர் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் யார் வேண்டுமானாலும் நுழைந்து என்ன வேண்டுமானாலும் போடும் குழு நான் சொல்வது இல்லை. வரையறுத்த ஆட்கள், வரையறுத்த வாரங்கள், வரையறுத்த பாடம், பொறுப்பான ஒருவர் நடத்துவது. இந்த நான்கும் இருந்தால்தான் அது வகுப்பு. இல்லாவிட்டால் சந்தை. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்லும் குழுவிலிருந்து உடனே வெளியேறிவிடுங்கள்.

"அசதிக்கு வேறு காரணம் இருந்தால்?" மிக முக்கியமான கேள்வி. ரத்தசோகை, தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள் ஆகியவையும் அசதியைக் கொடுக்கும். நோயே தீவிரமாகிக் கொண்டிருக்கலாம். வகுப்பில் சேரும் முன் டாக்டரிடம் இவற்றைப் பரிசோதித்துவிட வேண்டும். காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீரில் நுரை, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மனம்விட்டுப் பேச முடியுமா?" இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஒரே ஹால், அங்கேதான் டிவி, அங்கேதான் கம்ப்யூட்டர், அங்கேதான் மாமனார் சாய்வு நாற்காலி. இதற்கு டெக்னாலஜியில் பாதி விடைதான் இருக்கிறது: ஒரு ஹெட்போன். மீதி விடை வீட்டார் கையில்.

என்னென்ன வேண்டும்?

புதிய கம்ப்யூட்டருக்காகச் செலவு எதுவும் வேண்டாம். லேப்டாப்பில் கேமராவும் மைக்கும் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் சாதாரண வெப்கேமராவும் மைக் உள்ள ஹெட்போனும் போதும். கூகுள் மீட்டில் இலவசமாகவே ஒரு மணி நேரம் வரை குழுவாகப் பேசலாம். பின்னால் தெரியும் அறையை மங்கலாக்கும் வசதியும் அதில் உண்டு. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டுங்கள், பெரிதாகும். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் மொபைலிலும் சேரலாம். விரல் மூட்டு வலிப்பவர்கள் மொபைலில் ஜிபோர்டு கீபோர்டின் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாக மாறிவிடும்.

எக்செல் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் ஓர் உதவி செய்யலாம். நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, நேரம், செய்த வேலை, அசதியின் அளவு. அளவைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து, நேரத்தையும் அளவையும் செலக்ட் செய்து எஃப் 11 கீயைத் தட்டினால் சார்ட் வந்துவிடும். எந்த நேரத்தில் தெம்பு இருக்கிறது, எப்போது சரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும். வீட்டில் நம்பாதவர்களுக்கும் காட்டலாம்!

அரசு செய்ய வேண்டியது

லூபஸ் நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? மருந்து கொடுக்கும் மெடிக்கல் காலேஜ் மருத்துவமனைகளிடம்தான். எனவே வகுப்பைத் தொடங்க வேண்டியவர்களும் அவர்களே. தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை மருத்துவமனைகள் சேர்ந்தால் ஒரு குழுவுக்கு வேண்டிய பத்துப் பேர் எளிதில் கிடைப்பார்கள். தனியாகக் கட்டடம் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் அல்லது தெரபிஸ்ட், வாரம் ஒரு மணி நேரம், தமிழில் ஆறு பாடங்கள். அவ்வளவுதான் முதலீடு.

நம்மால் முடியாதது இல்லை இது. 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி என்ற ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவை வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்குத் திறக்கப்பட்டபோது, அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். மாத்திரை வீட்டுக்கு வரும்போது வகுப்பும் வீட்டுக்கு வரலாமே? லூபஸ் நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு, ஓட்டுக் கணக்கிலும் குறைவு. அதனால் தாங்களாகவே கேட்டால்தான் கிடைக்கும். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, "இப்படி ஒரு வகுப்பு நடத்துங்களேன்" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நடிகை சமந்தா 2022இல் தனக்கு மயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோய் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான், இந்த வகை நோய்களின் பெயரையே நம்மில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். சொன்னால்தான் தெரியும்.

வீட்டார் செய்ய வேண்டியது

மருத்துவமனை வகுப்பைத் தொடங்கிவிட்டது, இணைப்பும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு தடை இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் யாருடையது என்ற கேள்வி அது. பெரும்பாலான வீடுகளில் பையனுடைய கேம்ஸுக்கு முதலிடம், அப்பாவின் வேலைக்கு இரண்டாவது இடம், அம்மாவுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. லூபஸோ பெரும்பாலும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அண்ணிக்கும்தான் வருகிறது.

ஆகவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த ஒரு மணி நேரம் டிவியின் சத்தத்தைக் குறையுங்கள். அறைக்குக் கதவு இருந்தால் சாத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளித் திண்ணையில் போய் உட்காருங்கள். "என்ன பேசினீங்க?" என்று துருவாதீர்கள். அடுப்பில் உலை கொதித்தால் நீங்களே இறக்கிவையுங்கள். முத்துக்குளித்த காலத்தில் தோணியில் கயிறு பிடித்தவர் கடலுக்குள் இறங்கவில்லை. ஆனால் அவர் பிடியை விடாமல் இருந்ததால்தான் கீழே போனவர் மேலே வந்தார்.